இரண்டு ஊர்களுக்கு நடுவே

யூதா பென் பாவா என்ற ரபியைப் பற்றி இன்று பேச ஆசைப்படுகிறேன்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் எரித்தார்கள். பலிபீடம் போயிற்று, ஆசாரியர்களின் ஊழியமும் போயிற்று. மிஞ்சியவை வேதமும் அதைக் கற்பித்த ரபிகளும்தான். பிறகு 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராகப் பார் கோக்பா நடத்திய கிளர்ச்சியும் ரத்தத்தில் முடிந்தது. அந்தக் கொடுங்காலத்தில் ரோம அரசு ஓர் ஆணை போட்டதாக ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. சீடனுக்கு ரபிப் பட்டம் கொடுத்தால் குருவுக்கு மரணம். பெற்ற சீடனுக்கும் மரணம். அது நடந்த ஊர் அழிக்கப்படும். அதன் எல்லைக்குட்பட்ட நிலமும் பாழாக்கப்படும்.

மோசே யோசுவாவின்மேல் கைவைத்த நாள் முதல் குருவிடமிருந்து சீடனுக்கு வந்த உரிமை இந்தப் பட்டம் என்பது யூதர்களின் நம்பிக்கை. ஒரு தலைமுறை விட்டுப்போனால் மறுபடி கொடுக்க ஆளில்லை.

பென் பாவா என்ன செய்தார்? கலிலேயாவில் ஊஷாவுக்கும் ஷெபராமுக்கும் நடுவே, இரண்டு மலைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்தார். ஏன் அங்கே? ஓய்வுநாளில் ஊரைவிட்டு 2,000 முழம்தான் நடக்கலாம் என்பது யூதச் சட்டம். அந்த 2,000 முழம்தான் ஊரின் எல்லை. அவர் அமர்ந்த இடம் இரண்டு ஊர்களின் எல்லைக்கும் வெளியே! தம் உயிரைப் பற்றி அவர் கணக்குப் பார்க்கவில்லை. தம்மால் ஓர் ஊர் அழியக்கூடாது என்பதற்கு மட்டும் முழக்கணக்குப் பார்த்தார். அவர் வீரத்தைவிட இந்தக் கரிசனம்தான் என்னை உருக வைக்கிறது.

மேயிர், யூதா, சிமியோன், யோசே, எலெயாசார் என்ற ஐவருக்கு அங்கே பட்டம் கொடுத்தார். படைவீரர்கள் வந்துவிட்டார்கள். சீடர்களை ஓடச் சொல்லிவிட்டு, யாராலும் புரட்ட முடியாத கல்லைப்போல அவர் அங்கேயே கிடந்தார். அவர் உடம்பில் 300 இரும்பு ஈட்டிகள் பாய்ந்தன என்கிறது தல்மூத்.

எதைக் காப்பாற்றினார் தெரியுமா? அவர் இல்லையென்றால் அபராதச் சட்டங்களே மறைந்துபோயிருக்கும் என்று தல்மூத் நன்றியோடு நினைக்கிறது. அபராதத்துக்காகவா ஒருவர் உயிரைக் கொடுப்பார் என்று கேட்கத் தோன்றும். யூதச் சட்டப்படி திருடன் பிடிபட்டால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். திருடிய ஆட்டை அறுத்தாலோ விற்றாலோ நான்கு மடங்கு, மாட்டுக்கு ஐந்து மடங்கு. பட்டம் பெற்ற நீதிபதிதான் அந்த அபராதத்தை விதிக்க முடியும். அப்படி ஒரு நீதிபதி இல்லாத ஊரில் மாட்டைப் பறிகொடுத்த ஏழை அந்த அபராதத்துக்கு யாரிடம் போவான்? ஏழையின் வழக்கைக் கேட்பதும் இறைவழிபாடுதான் ஐயா!

அந்த ஐவரும் பிழைத்தார்கள். 200ஆம் ஆண்டையொட்டி ரபி யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் அவர்கள் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர் சொல்லாத தீர்ப்புகளைப் பொதுவாக மேயிருடையவை என்றே கொள்வது மரபு. திருடன் கட்ட வேண்டிய அந்த அபராதங்களும் அதில் உண்டு.