தராசும் சராசரியும்

ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில், லயத்து அறையில் அமர்ந்து உயர்தரக் கணிதம் பயிலும் மாணவருக்கு இன்று ஒரு பழஞ்செல்வம் கைக்கெட்டியிருக்கிறது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 சனவரி முதல் பீபீசீ தொலைக்காட்சி வழியே நடத்திய கணித, புள்ளிவிபரவியல் விரிவுரைகளிற் சிலவற்றை இணையத்திற் காணலாம். அவை முதலில் ஒளிபரப்பாகியபோது இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை; அது 1979இல்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதும் எழுபதுகளிலேயே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இக்கதவு காலந் தாழ்த்தியேனும் திறந்தது நன்றே. ஆயின், கதவைத் திறந்து வைத்ததோடு சமூகத்தின் கடன் தீர்ந்துவிடுமா?

அப்பல்கலைக்கழகமே அவ்வாறு எண்ணவில்லை. முன்தகுதி கேளாமல் தொழிலாளரையும் இல்லத்தரசிகளையும் அது சேர்த்துக்கொண்டது. பாடநூல் அஞ்சலில் வந்தது. ஒப்படைகளைத் திருத்திப் பிழை காட்ட ஆசிரியர் இருந்தார். கோடைகாலப் பள்ளியில் மாணவர் கூடி விவாதித்தனர். தொலைக்காட்சி அவ்வமைப்பின் ஓர் உறுப்பே. இன்று நம்மை வந்தடைந்திருப்பதோ திரை மட்டும். திரை பேசும், நம் ஐயத்தைக் கேளாது. பேசுவதும் ஆங்கிலத்தில்.

கணக்கு மலையகத்திற்குப் புதிதன்று. கொழுந்துத் தராசின் முன் நிற்காத நாள் நம் தாய்மாருக்கு எது? குறித்த அளவுக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர். அவ்வளவை நிர்ணயித்தவர் யார், எம்முறையில் நிர்ணயித்தார்? சராசரியையே கட்டாய அளவாக வைத்தால், எல்லாரும் ஒரே அளவு பறித்தாலன்றி, சிலர் என்றும் அதற்குக் கீழேயே நிற்பர்; எத்துணை உழைத்தாலும் அது மாறாது. இஃது எளிய கணிதம். இதை அறிந்தவள் தராசின் முன் தலைகுனியாள், கேள்வி கேட்பாள். தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்ட மக்கள் எண்ணும் கலையைக் கைக்கொள்வது நீதியின்பாற்பட்டது என்போம்.

எனவே ஆசிரியத் தோழர்க்கு இரு கடமைகள் உள. மாலை வேளையில் நான்கு பிள்ளைகளைக் கூட்டி, அவ்விரிவுரையை இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்குவது ஒன்று. கணித ஆசிரியரின்றித் தவிக்கும் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைக் கோரிப் போராடுவது மற்றொன்று. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்போமாயின், திரையைக் காட்டி ஆசிரியரை மறுப்போருக்கு நாமே துணைபோனவராவோம்.