நாவலாசிரியனும் பிறர் ரகசியமும்

வங்கியில் நகைக்கடன் பிரிவில் குமாஸ்தா நான். நான்கு வருஷமாக எழுதிவரும் நாவல் ஒன்பதாவது அத்தியாயத்தில் நின்றுபோயிருக்கிறது. காரணம் சோம்பல் அல்ல. அந்த அத்தியாயத்தில் ஒரு பெண் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, கவரிங் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறாள். வங்கிக் கடிதம் எதுவும் வீட்டு விலாசத்துக்கு வரக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள். இது கற்பனை அல்ல. அப்படி ஒருவர் என்னிடம் கேட்டார். வாடிக்கையாளர் விஷயங்களை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டவன் நான். (இங்கேயும் சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். மாற்றினால் போதுமா என்பதுதான் கேள்வியே.)

தாமஸ் மன்னைப் பார் என்றார் நண்பர் ஒருவர். பார்த்தேன்.

'புடன்புரூக்ஸ்' 1901-இல் இரண்டு பாகங்களாக வந்தது. கையெழுத்துப் பிரதியைப் பாதியாகக் குறைக்கும்படி பதிப்பாளர் ஃபிஷர் கேட்டிருந்தார். ராணுவ சேவையில் இருந்த மன், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே மறுத்து எழுதினார். முதலில் மெதுவாகத்தான் விற்றது. 1903-இல் ஒரே பாகமாக வந்த பிறகுதான் பரவியது. இந்தக் கதையை எழுத்தாளர்களாகிய நாம் விரும்பிச் சொல்வோம். இதில் எழுத்தாளன் ஜெயிக்கிறான்.

அவருடைய சொந்த ஊரான லூபெக்கில் நடந்தது வேறு. நாவலில் வருபவர் நிஜத்தில் யார் யார் என்ற பட்டியல்கள் ஊருக்குள் கைமாறின. தன் வியாதிகளைப் பற்றியே பேசித் திரியும் கிறிஸ்டியன் என்ற பாத்திரத்தில் மன்னின் சித்தப்பா ஃப்ரீட்ரிஷை எல்லோரும் அடையாளம் கண்டார்கள். அந்த மனிதர் 1913-இல், புத்தகம் வந்து 12 வருஷத்துக்குப் பிறகு, உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து முறையிட்டார். அதற்கு முன்பே, 1906-இல், மன் ஒரு கட்டுரையில் தன் பக்க நியாயத்தைச் சொல்லியிருந்தார்: கலைஞன் வெளியிலிருந்து எடுப்பது உருவத்தை மட்டுமே, அதில் ஊற்றும் உயிர் அவனுடையது என்பது அதன் சாரம். சிருஷ்டி பற்றிய கருத்தாக இதை ஒப்புக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு இது பதிலாகாது. உள்ளே இருப்பது அண்ணன் மகனின் ஆன்மா என்பதால் வெளியே தெரியும் முகம் அவருடையது இல்லையென்று ஆகிவிடுமா? இன்று நமக்கு ஃப்ரீட்ரிஷைத் தெரிவதே கிறிஸ்டியனின் நகலாகத்தான்.

நமக்கு மன்னுக்குக் கிடைக்காத ஒரு சமாதானம் உண்டு. யாரும் உரக்கச் சொல்வதில்லை. நம் நாவல் முந்நூறு பிரதி அச்சாகும். நூறு நண்பர்களுக்குப் போகும். மீதி வீட்டுப் பரணில் கிடக்கும். அந்தப் பெண் படிக்கப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்களும் படிக்கப்போவதில்லை. நம்மைப் படிக்க ஆளில்லை என்று புலம்புகிற நாம், படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். விற்காத புத்தகம் யாரையும் காயப்படுத்தாது என்பது விற்பனைக் கணக்கு. அதை நியாயம் என்று எப்படிச் சொல்வது? லூபெக் சித்தப்பாவுக்கு முறையிட ஒரு பத்திரிகையாவது இருந்தது.

சங்கிலியை வளையலாக்கி, வேறொரு பெண்ணை வைத்துத் திருப்பி எழுதிப் பார்த்தேன். அத்தியாயம் செத்துவிட்டது. பழைய பிரதியை மறுபடி படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அதில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஆளே இல்லை. அவள் தாழ்த்திப் பேசியது யார் காதில் விழுந்தது? பாரத்தில் விலாசத்தை எழுதிய கை யாருடையது? பற்றற்ற நடை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது, நான் ஒளிந்துகொண்ட இடம்.

இப்போது அந்தக் குமாஸ்தாவை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத எழுத அவன் நான் நினைத்த அளவு நல்லவனாக இல்லை. அவள் போன பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அத்தியாயம் நகர்கிறது. ஆனால் கவரிங் சங்கிலி இன்னும் அந்தப் பெண்ணுடையதுதான். அதை எடுத்துவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

சென்ற மாதம் அவர் வட்டி கட்ட வந்தார். ரசீதை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, "கடுதாசி எதுவும் வராதுல்ல சார்?" என்றார்.

"வராதும்மா" என்றேன்.