ஹில்ஃபுல் ஃபுளூலும் நாமும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நுபுவ்வத் அருளப்படுவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், யமன் நாட்டு ஜபீதிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்கு வந்தார். அவருடைய சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் கிரயத்தைத் தர மறுத்துவிட்டான். வந்தவருக்கோ அங்கே குலமில்லை, கேட்பாருமில்லை. அபூகுபைஸ் மலைமீதேறி நின்று முறையிட்டார். அதைக் கேட்டுச் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடினர். அநீதிக்குள்ளானவர் உள்ளூராரோ வெளியூராரோ, அவருடைய ஹக்கு அவருக்குக் கிடைக்கும்வரை ஒன்றுபட்டு நிற்பதெனச் சத்தியம் செய்தனர். ஆஸிடமிருந்து பொருளையும் மீட்டுக் கொடுத்தனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞரான நாயகம் (ஸல்) அவர்களும் அதில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று பிற்காலத்தில் சொல்லியும் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் கூடியவர்கள் முஃமின்கள் அல்லர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இப்னு ஜுத்ஆனின் தர்மங்கள் மறுமையில் அவருக்குப் பயன்படுமா என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, பயன்படா என்றே பதில் வந்தது. ஆனாலும் அவர் வீட்டில் செய்த உடன்படிக்கையின் மதிப்பு குறையவில்லை.

இன்று மனித உரிமைச் சங்கங்களைப் பற்றி நம் வீடுகளில் இருவிதமாகப் பேசுகிறோம். 2017 ஆகஸ்டிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் பர்மாவைவிட்டு ஓடிவந்தபோது, அவர்கள் படும் கொடுமையை நிறவெறி ஆட்சிக்கு ஒப்பிட்டு ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கை வெளியிட்டது. அப்போது நமக்கு அது நல்ல சங்கம். அதே சங்கம், மதநிந்தனை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த பாகிஸ்தான் கிறிஸ்தவப் பெண்ணுக்காகப் பரிந்து பேசியபோது, “மேற்கத்தியருடைய சூழ்ச்சி” என்றோம். இச்சங்கங்களில் பாரபட்சமே கிடையாது என்று நாம் வாதிடவில்லை. குறைகள் உண்டு, அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம் கேள்வி வேறு. தராசு நம் பக்கம் சாயும்போது மட்டும் அது சரியான தராசாகிவிடுமா? நமக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்தில்தானே அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறது?

“நம்மவர் படும் பாடே பெரும்பாடு, பிறருக்காக எங்கே பேசுவது?” என்பார் சிலர். இந்நாட்டில் சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்த வலி தெரியாததல்ல. தெரிந்திருப்பதால்தான், பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் நம்மவர் நடந்துகொள்ளும் விதம் நம்மை உறுத்த வேண்டும்.

உறுத்தலுக்குச் செவிசாய்த்தவர்களும் உண்டு. 1995 பிப்ரவரியில் லாகூரில் 14 வயதுக் கிறிஸ்தவச் சிறுவன் ஒருவனுக்கும் அவனுடைய உறவினருக்கும் மதநிந்தனைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்காக வாதாடியவர் பாகிஸ்தான் மனித உரிமை ஆணையத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அஸ்மா ஜஹாங்கீர். கொலை மிரட்டல்களுக்கிடையே அவர் நீதிமன்றம் சென்று வந்தார். அதே மாதத்தில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி 1997-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு முஸ்லிம். அவர் காப்பாற்றிய சிறுவனின் மதம் வேறு.