தயவா, உரிமையா?

விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு இது காலமா என்று கேட்போர் உளர். உழைப்பவனின் வேதனம் மாதக் கடைசியை எட்டாத ஒரு நாட்டில், கணினியில் ஆடும் போர் விளையாட்டு எந்த இயந்திரத்தில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று ஆராய்வது வேலையற்றோர் பணி என அவர்கள் கருதக்கூடும். ஆனால் ஒரு சமுதாயம் உடைமை என்பதற்கு என்ன பொருள் கொள்கிறது என்பதை அறிய விரும்புவோர், பெரிய ஆலைகளை மட்டுமன்றிச் சிறுவர் கையிலுள்ள பொம்மைகளையும் நோக்குதல் வேண்டும். ஆலையை ஆளும் சட்டமே பொம்மையையும் ஆளுகிறது.

ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பார்ப்போம். மண்டபத்துக் கல்தளத்தில் கீறிய கோடுகளே அதன் அரங்கு. கல் இல்லையெனில் மண் போதும். காய் இல்லையெனில் புளியங்கொட்டை போதும். புலி எவ்வாறு பாய வேண்டும், ஆடு எவ்வாறு அதனை மடக்க வேண்டும் என்னும் விதி எல்லோருக்கும் பொது. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றபோது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. “இந்தத் தரையில்தான் ஆடலாம், அந்தத் தரையில் ஆடலாகாது” என்று கூறும் அதிகாரம் அன்று எந்த வணிகனுக்கும் இருந்ததில்லை. இன்று இருக்கிறது. அது நியாயந்தானா என்பதே எமது வினா.

‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ என்னும் வியூக விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இல் வெளிவந்தது. அதன் புதுக்கிய பதிப்பை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. கிராமத்தாரைக் கொண்டு விறகு வெட்டி, வயல் உழுது, பொன்னும் கல்லும் தோண்டி, படை திரட்டி, ஓர் அரசை எழுப்புவதே அதன் ஆட்டம். 2022 ஏப்ரலில் வந்த இணைப்பொன்றில் ‘திராவிடர்’ என்னும் மக்கள் சேர்க்கப்பட்டனர். அவர்தம் கிராமத்தார் தமிழ் பேசுகின்றனர். இராசேந்திர சோழனின் படையை ஆடுபவரே நடத்திச் செல்லலாம். அச்சோழர் படை 1017இல் இத்தீவின் மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்டு சென்ற கதையையும் சேர்த்துச் சொல்லித் தருவது ஆசிரியர் கடமை. ஆயினும் உலகமெங்கும் விற்கும் ஒரு விளையாட்டில் தன் தாய்மொழி ஒலிப்பதைக் கேட்கும் கண்டி மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கணினியைப் பொறுத்தவரை அக்கோட்டையின் வாயில் விண்டோஸ் என்னும் இயங்குதளத்துக்கு மட்டுமே திறக்கிறது. லினக்ஸ் உள்ள கணினிக்கோ அப்பிளின் மெக் கணினிக்கோ அதன் உரிமையாளர் எதையும் செய்து தரவில்லை.

அப்படியாயின் விண்டோஸையே வைத்துக்கொள்ளலாமே என்பர். அந்தத் தெரிவு எல்லார் கையிலும் இல்லை. விண்டோஸ் 10க்கு நிறுவனம் வழங்கிவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, தனியானதொரு பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 2017க்குப் பிற்பட்டதையும் கேட்கிறது. பல்லேகலவின் கைத்தொழிற்பேட்டையில் உழைக்கும் குடும்பத்துக்கோ, சுற்றியுள்ள மலைச்சரிவுகளின் தோட்டக் குடும்பத்துக்கோ கிடைப்பது, பெரும்பாலும் இன்னொருவர் பாவித்துக் கழித்த கணினிதான். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது, புதுக் கணினி என்னும் எண்ணமே பல வீடுகளில் அணைந்துபோயிற்று. பழுதற்ற அந்தப் பழைய இயந்திரத்துக்கு மீண்டும் உயிர் கொடுக்க வல்லது லினக்ஸ். அதற்கு விலையில்லை, அதனை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கண்டி நகருக்கு அருகே எழும் ஹந்தானை மலைத்தொடரின் பெயரைச் சூட்டி, ‘ஹந்தான’ லினக்ஸ் என்றொரு தொகுப்பை இலங்கையரே உருவாக்கியதுண்டு. இவ்வளவையும் வகுப்பில் விளக்கி முடித்தபின் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: “அதில அந்த கேம் ஓடுமா, சேர்?”

அக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை, தன் கையிலுள்ள இயந்திரத்தில் பயன்படுத்த முடியுமா என்றே அப்பிள்ளை கேட்கிறது. விற்பவர் உடன்படிக்கையோ, நீ வாங்கியது விளையாட்டையே அன்று, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனை ஆடுவதற்கான அனுமதியை மட்டுமே என்கிறது. ‘வாங்கு’ என்னும் சொல் மக்களை மயக்குகிறது என்பதனால், அமெரிக்காவின் கலிஃபோர்னிய மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. விற்கப்படுவது வெறும் அனுமதியே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் இணையக் கடைகள் அச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்னும் அவ்விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

மலையகத்தாருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக லயன் காம்பராவில் பிறந்து வளர்ந்து, சுவருக்குத் தாமே சுண்ணாம்பு பூசி, வாசலில் தாமே பூச்செடி நட்டும், காணி உறுதி ஒன்றைக் கண்ணால் காணாதோர் எத்தனை பேர்! குடியிருப்பது வேறு, உடையவராய் இருப்பது வேறு. ஒரு விளையாட்டை இழப்பதும் ஒரு வீட்டை இழப்பதும் ஒன்றென நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது துன்பப்பட்டோரை இழிவுபடுத்துவதாகும். ஆயின் இரண்டிலும் இயங்கும் நியாயம் ஒன்றே: ‘பயன் உனக்கு, முடிவு எனக்கு.’

இந்த நியாயத்துக்கு எதிராக ஆரவாரமின்றி எழுந்த முயற்சி ஒன்று உண்டு. அது 1993இல் தொடங்கிய ‘வைன்’ என்னும் மென்பொருள். விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல், ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தப் படத்தை வரை’, ‘இந்த ஒலியை எழுப்பு’ என இயங்குதளத்தை ஓயாது வேண்டிக்கொண்டிருக்கும். வைன் நடுவே நின்று, அந்த வேண்டுகோள்களை லினக்ஸும் மெக்கும் அறிந்த வேண்டுகோள்களாக மாற்றிக் கொடுக்கும். அது விண்டோஸின் பிரதியன்று. அதே சொற்களுக்கு அதே பொருள் தருமாறு வேறு கைகள் புதிதாய் எழுதிய அகராதி எனலாம். அதன் 1.0 பதிப்பு 2008இல் வெளிவருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஊதியம் பெற்ற சிலரும் பெறாத பலரும் அதில் உழைத்தனர். அவ்வுழைப்பின் மேலேயே வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ‘புரோட்டன்’ என்னும் கருவியை எழுப்பியது. விண்டோஸுக்கு மட்டுமே என எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று லினக்ஸில் ஓடுவது அதனாலேயே. 2023 ஜூனில் அப்பிள் நிறுவனம் விளையாட்டு ஆக்குவோருக்கு வழங்கிய கருவித் தொகுதியும் வைனையே துணைக்கொண்டது.

இம்மொழிபெயர்ப்பு எத்துணை அரிது என்பதை வியூக விளையாட்டே நன்கு காட்டும். பலர் கூடி ஆடுகையில், நூற்றுக்கணக்கான படைவீரர் ஒவ்வொருவரும் எங்கே நிற்கின்றார் என்பதைக் கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்புவதில்லை. ஆடுவோர் இட்ட கட்டளைகள் மட்டுமே பரிமாறப்படும். ஒவ்வொரு கணினியும் முழு உலகையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே எல்லாக் கணினிகளும் கடைசித் தசமம் வரை ஒரே விடையைப் பெற்றாக வேண்டும். மேற்சொன்ன புதுக்கிய பதிப்பை லினக்ஸில் ஆடியோர் விண்டோஸில் ஆடியோருடன் சேர்ந்தபோது, சிறிது நேரத்தில் இரு உலகங்களும் பிரிந்து ஆட்டம் அறுந்துபோவதுண்டு. கணக்கில் நேர்ந்த நூலிழை வேறுபாடே அதற்குக் காரணம். மைக்ரோசொஃப்ட்டின் கோப்பொன்றைக் கொண்டுவந்து நடுவே வைத்தே பலர் அதனைச் சரிப்படுத்தினர். ஒரு சொல் பிசகினால் ஒரே அறையில் இருப்போரும் வெவ்வேறு உலகில் வாழ்வர் என்பதை இருமொழி நாட்டினராகிய நாம் அறிவோம்.

மொழிபெயர்ப்போரை வணங்குகிறோம். ஆயினும் மொழிபெயர்ப்பாளரின் தயவில் வாழ்வது உரிமையாகாது. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னர், கந்தோரிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஒருவரைத் தேடி அலைந்த தமிழர் பலர். படித்துச் சொன்னவர் நல்லவரே. ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் குடிமகன் ஊமையானான். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது, அது அறிவித்தது கடிதம் படித்துச் சொல்லும் அன்பரை அன்று, உரிமையை. நடைமுறை பின்தங்கியிருப்பினும், தயவைக் கெஞ்சிப் பெறவும் உரிமையைக் கேட்டுப் பெறவும் இயலும் என்னும் வேறுபாடு சிறிதன்று.

கணினி உலகிலும் இதுவே நிலை. 2019இல் அப்பிள் தன் இயங்குதளத்திலிருந்து 32 பிட் நிரல்களுக்கான இடத்தை அகற்றியது. புதிய பதிப்புக்கு மாறியோர் முன்னர் வாங்கிய பழைய விளையாட்டுகள் பல செயலற்றுப் போயின. தன் புதிய செயலிகளில் முந்தைய நிரல்களை ஓட்டித் தரும் ரொசெட்டா 2 என்னும் கருவியை, பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்கு வேண்டிய பகுதி நீங்கலாக, மெக் ஓஎஸ் 27க்குப் பின் விலக்கிக்கொள்வதாக 2025 ஜூனில் அது அறிவித்தது. வைன் வழியாக லினக்ஸில் ஆடப்பட்டுவந்த ‘லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்’, அதன் நிறுவனம் 2024இல் ‘வான்கார்ட்’ என்னும் மோசடித் தடுப்பைப் புகுத்தியதும் அங்கே ஆட முடியாததாயிற்று. இயந்திரம் அதுவே, ஆடுபவர் அவரே. மாறியது எங்கோ இருந்த இன்னொருவரின் முடிவு.

நிறுவனத்தார் பக்கத்திலும் நியாயம் உண்டு; அதனை மறைப்பது நேர்மையன்று. ஸ்டீம் என்னும் பெருங்கடையின் கணக்கெடுப்பில் லினக்ஸில் ஆடுவோர் 2025இன் பிற்பகுதியில்தான் நூற்றுக்கு மூவரைத் தாண்டினர். அச்சிலருக்கெனத் தனியே எழுதிச் சோதித்துப் பேணுவதற்குச் செலவாகும். அதில் உழைக்கும் நிரலாளரும் தொழிலாளரே. ஆகவே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் செய்து கொடு என்று நாம் கட்டளையிடவில்லை. செய்து தராமை வேறு. பிறர் செய்துகொள்வதைத் தடுத்தல் வேறு. முன்னது கையிருப்பைப் பொறுத்தது. பின்னது அதிகாரத்தைப் பொறுத்தது. மோசடியைத் தடுப்பதும் தேவையே. ஆனால் கள்வனைப் பிடிப்பதற்காகத் தெருவையே அடைப்பவன், தெருவில் குடியிருப்போருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

பூட்டுடைத்த பிரதியைப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பாரும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்து நோக்கினும், இவ்வழி விடுதலைக்கு இட்டுச் செல்லாது. படைத்தவனின் உழைப்புக்கு அது கூலி கொடுப்பதில்லை. அதே விண்டோஸ் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்கும் கையளிக்கிறது. வாடகை கொடாமல் குடியிருப்பவனும் குடியிருப்பவனே, வீட்டுக்காரன் ஆகான்.

வேறு வழி உண்டா? உண்டு. 2001ஆம் ஆண்டளவில், இதே ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை மாற்றியமைக்கும் திட்டமாகச் சிலர் ‘0 ஏ.டி.’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். பின்னர் அதனைச் சொந்தக்காலில் நிற்கும் தனி விளையாட்டாகவே எழுதி, 2009இல் மூலநிரலையும் உலகுக்குத் திறந்துவிட்டனர். மௌரியரும் உரோமரும் பாரசீகரும் மோதும் அவ்விளையாட்டு விண்டோஸ், லினக்ஸ், மெக் மூன்றிலும் விலையின்றி ஓடுகிறது. பெருநிறுவனத்தின் மெருகு அதில் இல்லாதிருக்கலாம். ஆனால் அதில் தமிழ்க் குரலைச் சேர்க்க விரும்பும் மாணவன் எந்தக் கந்தோரிலும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கற்றுக்கொண்டால் போதும்.

இனி நாம் கேட்க வேண்டியவை தெளிவு. விற்ற பொருளை வாங்கியவர் தம் இயந்திரத்தில் ஓட்டிக்கொள்வதைத் தடுக்கலாகாது. நிரலும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் மொழி, இலக்கணத்தைப் போல் பொதுவாதல் வேண்டும். ஜாவாவின் கட்டளைப் பெயர்களையும் ஒழுங்கையும் கூகிள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை இத்திசையில் வைத்த ஓர் அடியாகக் கொள்ளலாம். அது இரு பெருமுதலாளிகளுக்கிடையே நடந்த வழக்கெனினும் பயன் எளியோர்க்கும் உண்டு. மக்கள் பணத்தில் நடக்கும் பாடசாலைகள், மாணவரை ஒரே நிறுவனத்தின் வாசலில் நிறுத்தாத மென்பொருளை முதலில் நாடுதல் வேண்டும்.

“அதில அந்த கேம் ஓடுமா?” என்னும் பிள்ளையின் கேள்விக்கு இன்று நாம் தரக்கூடிய விடை, “பெரும்பாலும் ஓடும், நாளை ஓடுமா என்பது பிறர் கையில்” என்பதே. அந்த விடையின் பிற்பாதியை அழிப்பது விளையாட்டுக் காரியம் அன்று.