சபையில் எழுந்த கேள்வி

வாக்கினால் செய்யப்படும் தவத்திற்கு பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் நான்கு இலக்கணங்களைக் கூறுகிறது. பேச்சு பிறர் மனத்தைக் கலங்கச் செய்யாததாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். இனியதாகவும் நன்மை தருவதாகவும் இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் அது வாக்குத் தவமாகும், ஒன்று குறைந்தாலும் ஆகாது என்று ஆதிசங்கரர் தமது உரையில் அழுத்திக் கூறுகிறார். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த இலக்கணம் நடைமுறையில் ஒரு தர்மசங்கடத்தை உண்டாக்குகிறது. உண்மையும் நன்மையுமான ஒரு சொல், கேட்பவரின் மனத்தைக் கலக்குமானால் என்ன செய்வது? சொல்லாமல் விடுவது தவமாகுமா?

நம் நாட்டில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்தச் சங்கடத்தை மிகுதியாக எதிர்கொண்டவர்கள் பெண்கள். பெண் குழந்தைக்குப் படிப்பு வேண்டும் என்றார்கள். வளரும் பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவு வேண்டும் என்றார்கள். கருப்பை நோய்களுக்கும் மகப்பேற்றுத் துன்பங்களுக்கும் வெட்கப்படாமல் மருத்துவம் பார்க்க வழி வேண்டும் என்றார்கள். ‘இவையெல்லாம் நாலு பேர் நடுவில் பேசுகிற விஷயங்களா?’ என்பதே அவர்களுக்குக் கிடைத்த முதல் பதில். நாணம், பொறுமை, தியாகம் ஆகிய பெயர்களைச் சொல்லி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். இம்மூன்றும் உயர்ந்த பண்புகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகவேதான் இந்த விஷயத்தை நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

மகாபாரதத்தின் சபா பருவத்தை நினைவுகூர்வோம். அரசவைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்று கற்றறிந்தோரைப் பார்த்துக் கேட்டாள். தர்மத்தின் போக்கு நுட்பமானது என்று கூறி பீஷ்மர் விலகிக்கொண்டார். விதுரரும், கௌரவர்களுள் ஒருவனான விகர்ணனும் மட்டுமே அந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும் என்றார்கள். அன்று சபையைக் கலக்கியது திரௌபதியின் பேச்சா, அதற்கு முன்பே அங்கு நடந்தேறிய அநீதியா? கலக்கத்திற்குக் காரணம் எது என்று பார்க்காமல், கலங்கியவர்களின் முகத்தை மட்டும் பார்த்து ஒரு பேச்சை எடைபோடுவது சரியாகாது.

இனி நமது காலத்திற்கு அருகில் வருவோம். 1882-ஆம் ஆண்டு ஹண்டர் கல்விக் குழுவின் முன் பண்டித ரமாபாய் புனேயில் சாட்சியம் அளித்தார். அப்போது அவர் இருபத்து நான்கு வயதே ஆன, அவ்வாண்டிலேயே கணவரை இழந்த பெண். பெண்களுக்கான ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று கேட்ட அவர், பெண் மருத்துவர்களின் தேவையையும் வலியுறுத்தினார். இந்நாட்டுப் பெண்களில் பலர் தங்கள் நோயை ஓர் ஆண் மருத்துவரிடம் சொல்வதைவிட உயிரை விடுவதே மேல் என்று கருதுகிறார்கள் என்பதே அவர் கூறியதன் சாரம். கல்வியைப் பற்றி விசாரிக்க வந்த குழுவிடம் அவர் உடல்நோயைப் பற்றிப் பேசியது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அவருக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. படித்த பெண்கள் உருவானால்தான் பெண் மருத்துவர்கள் உருவாவார்கள். அவர்கள் உருவாகும்வரை கருப்பை நோய்க்கு மருந்தில்லை.

ரமாபாய் அடுத்த ஆண்டே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார் என்பதையும், 1895-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் அவர் பெயரால் அமைந்த சங்கத்தினர் சுவாமி விவேகானந்தரைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் அன்பர்கள் அறிவார்கள். அதனால் அவர் குழுவின் முன் சொன்ன உண்மை பொய்யாகிவிடாது. உண்மையைச் சொன்னவர் யார் என்று பார்த்து அதைத் தள்ளுவது வேதாந்திக்கு அழகல்ல.

அந்தச் சாட்சியம் பழங்கதையாகிவிட்டதா? நூற்றேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1989-இல், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. டாக்டர் ராணி பங் அவர்களும் அவருடைய கணவர் டாக்டர் அபய் பங் அவர்களும் தம் குழுவினருடன் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்திருந்தார்கள். அவர்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பெண்ணுறுப்பு நோய் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு மூன்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இருந்தன. அதற்கு முன் இத்தகைய பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. ஏனையோர் வயலில் வேலை செய்தார்கள், சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண் மருத்துவர் அருகில் அமர்ந்து கேட்ட பிறகே அது வெளிவந்தது.

இத்தனை வலியை மறைத்துவைத்த அந்த நாணம் உண்மையில் நாணம்தானா? தெய்வீகச் செல்வங்களைப் பட்டியலிடும் கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் ‘ஹ்ரீ’ என்னும் நாணமும் இடம்பெறுகிறது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான குணம். தகாததைச் செய்யக் கூசுவது. திருவள்ளுவரும் நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் இயல்பான கூச்சம் வேறு என்று பிரித்துவிடுகிறார். இந்தப் பிரிவினையை நாம் மறந்துவிட்டோம். நோய் தகாத செயலன்று. பசியும் அப்படியே. நோயுற்றவளை நாணச் செய்துவிட்டு, அவளைக் கவனிக்கத் தவறிய குடும்பம் நாணாமல் இருப்பது தலைகீழான நிலை.

தியாகத்தைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். ஏகாதசியன்று உபவாசம் இருப்பவருக்கு வேண்டுமானால் உண்ணலாம் என்னும் சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை அவர் இறைவனிடம் அர்ப்பணிக்கிறார். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் மருமகளுக்கு அந்தச் சுதந்திரம் எங்கே? ‘அவள் எவ்வளவு தியாகம் செய்கிறாள்!’ என்று அவளைப் போற்றுபவர்கள் பெரும்பாலும் அவளுக்கு முன்பே உண்டு முடித்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கைவசம் இல்லாததைத் துறக்க முடியாது. துறவைப் பற்றி அதிகம் பேசும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். இல்லையெனில் வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் காவி உடுத்திவிடுவோம்.

இதன் விளைவு உடலில் தெரிகிறது. பன்னிரண்டு வயதில் சோகை பிடித்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பதினாறில் மணமுடித்தால், அவள் பெறும் குழந்தை எடை குறைந்து பிறக்கும் அபாயம் மிகுதி. அந்தக் குழந்தையும் பெண்ணானால் கதை மறுபடியும் தொடங்குகிறது. இந்த வட்டத்தைக் கண்டுகொண்டவர்களால் கல்வி, உணவு, கருப்பை நலம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பேச முடியவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டு வயதிற்கு முன்பே மணமானவர்கள் 2005-06-இல் 47.4 விழுக்காடாக இருந்தார்கள், 2019-21-இல் 23.3 விழுக்காடாகக் குறைந்தார்கள். வயதிற்கேற்ற உயரமில்லாத, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 48-லிருந்து 35.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஆனால் 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் சோகை 55.3-லிருந்து 57 விழுக்காடாக ஏறியிருக்கிறது. சோகைக்குக் காரணங்கள் பல என்று மருத்துவர்கள் கூறுவார்கள். சமையலறையில் யார் கடைசியில் உண்கிறார் என்பதும் அவற்றுள் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் கீதை கூறும் முதல் இலக்கணத்தை, மனத்தைக் கலக்காத பேச்சு என்பதைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. அது பேச்சின் பொருளைத் தடுக்க வந்த விதியன்று, பேசும் முறையைப் பற்றியது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இதற்கு உதாரணம் தேடி நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. 1975-இல் அங்கன்வாடித் திட்டமும் 2005-இல் ஆஷா பணியாளர் திட்டமும் தொடங்கப்பட்டதிலிருந்து, லட்சக்கணக்கான கிராமப் பெண்கள் பிறர் வீட்டு வாசலில் நின்று இதைச் செய்துவருகிறார்கள். கருவுற்ற மருமகளுக்கு இன்னும் ஒரு வேளை உணவு வேண்டும் என்பதை மாமியாரின் எதிரிலேயே சொல்ல வேண்டும். அதே ஊரில் மறுநாளும் அவர் அந்த மாமியாரின் முகத்தில் விழித்தாக வேண்டும். குற்றம் சாட்டினால் கதவு மூடிக்கொள்ளும். மழுப்பினால் குழந்தை மெலியும். உண்மையைக் குறைக்காமல், கேட்பவரை இழிவுபடுத்தாமல் சொல்லும் அந்தப் பேச்சில் நான்கு இலக்கணங்களும் அமைந்துவிடுகின்றன. சங்கரரின் உரையைப் படித்திராத அவர்களுக்கு அதன் கருத்து கைவந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் எழும். பெண்களுக்காகப் பேச வேண்டியவர் யார்? பெண்களின் சிக்கல்களைத் தீர்க்க ஆண்களுக்கு என்ன உரிமை என்று சுவாமி விவேகானந்தர் கேட்டார். கல்வியைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள், தங்களுக்கு வேண்டிய சீர்திருத்தம் எது என்பதை அவர்களே சொல்வார்கள் என்பதே அவருடைய நிலை. இந்த வரியை மேற்கோள் காட்டுவதில் நாம் காட்டும் ஆர்வம், அவர்கள் சொல்லும்போது கேட்பதில் இருப்பதில்லை. அவர்கள் சொல்வது நமக்குப் பிடித்த வேதாந்த விளக்கமாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம் போலும். கழிப்பறையைப் பற்றியும் மாதவிலக்கைப் பற்றியும் அவர்கள் சொன்னால், அதுவும் அவர் கேட்கச் சொன்ன சொல்தான்.

ஓர் ஆன்மிக இதழில் இவை வேண்டுமா என்று கேட்கும் அன்பர்கள் அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். 1898 நவம்பர் 13 அன்று கல்கத்தாவின் பாக்பஜாரில் சகோதரி நிவேதிதையின் பெண்கள் பள்ளியைத் தொடங்கி வைத்தவர் அன்னையே. பெண்களுக்கு மணம் முடிக்க முடியவில்லையே என்று கலங்கிய ஒரு தாயிடம், அவர்களை நிவேதிதையின் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்குமாறு அவர் கூறினார். அந்தப் பள்ளியில் இருந்த, இருபது வயதைக் கடந்தும் மணமாகாத இரண்டு சென்னைப் பெண்களைக் காட்டி, அவர்கள் எவ்வளவு நன்றாகக் கற்கிறார்கள் என்று வியந்தார். தம் பகுதி மக்களோ எட்டு வயது ஆவதற்குள் பெண்ணை வேறு வீட்டிற்கு அனுப்பத் துடிக்கிறார்கள் என்று வருந்தினார். இவ்வாறு பேசியவர் ஐந்து வயதில் மணமானவர். இளமையில் அவர் எழுத்துக் கற்க முயன்றபோது, பெண்கள் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று கூறி ஹிருதயன் அவருடைய புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டான். அன்னை அதோடு விட்டுவிடவில்லை. தட்சிணேசுவரத்தில் கங்கையில் நீராட வந்த ஒரு சிறுமியிடம் மெல்ல மெல்லப் பாடம் கேட்டுப் படித்தார். அதற்குக் கைம்மாறாகத் தம்மிடமிருந்த கீரையையும் காய்களையும் அவளுக்குக் கொடுத்து அனுப்புவார்.