அந்தக் காவலாள் செத்தானா?

பிராட் பேர்ட் இயக்கிய ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ 2004இல் வெளிவந்தபோது, இது குழந்தைகளுக்குக் காட்டத் தகுந்த படந்தானா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் ‘பிஜி’ சான்றிதழ், அதாவது பெற்றோர் உடனிருந்து வழிகாட்டுவது நல்லது என்ற எச்சரிக்கை, பெற்ற முதல் பிக்ஸார் படம் அது. வில்லனின் தீவில் ஒரு குகையில், பிறவிச் சக்தி கொண்ட நாயகக் குடும்பத்தின் தாய் ஹெலன் தன் பிள்ளைகளிடம், வில்லனின் ஆட்கள் கார்ட்டூனில் வரும் வில்லன்களைப் போன்றவர்கள் அல்லர், குழந்தை என்று பார்க்காமல் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். கேட்கிற பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும்.

தாய் சொன்னது உண்மை. பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதில் தவறே இல்லை. பின்னால் வரும் துரத்தல் காட்சியில் நாம் சிரிக்கிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

ஹெலனின் பத்து வயது மகன் டாஷ் காட்டுக்குள் பாய்ந்து ஓடுகிறான். வட்டத் தகடுபோல் சுழலும் பறக்கும் வண்டிகளில் வில்லனின் காவலாட்கள் துரத்துகிறார்கள். வண்டி மோதித் தீப்பிழம்பாகிறது. பையன் தண்ணீர்மேலேயே ஓடுகிறான், தன் வேகத்தைத் தானே வியந்து சிரிக்கிறான். அரங்கமும் சேர்ந்து சிரிக்கிறது. வண்டிக்குள் இருந்தவன் என்ன ஆனான்? அவனுக்குப் பெயர் இல்லை, அழுவதற்கு ஆளில்லை. உயிர் பிழைக்க ஓடிய சிறுவன்மேல் குற்றமில்லை. ஆனால் ‘கொன்றுவிடுவார்கள்’ என்ற சொல்லுக்குப் பதறிய நாம், கண்ணெதிரே ஒருவன் செத்தபோது ஏன் பதறவில்லை?

நாயகன் என்று ஒருவருக்குப் பட்டம் கட்டியதும் நம் அறிவு கைகட்டி நின்றுவிடுகிறது. படத்தின் தொடக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மாடியிலிருந்து குதித்தவரை டாஷின் தந்தை மிஸ்டர் இன்கிரெடிபிள் பாய்ந்து தடுக்கிறார். உயிர் பிழைத்தவர் கழுத்தில் பட்டையோடு வந்து வழக்குப் போடுகிறார். அவர் ரயிலைத் தடுத்து நிறுத்தியபோது காயம்பட்ட பயணிகளும் நீதிமன்றம் போகிறார்கள். அவர்களை நன்றிகெட்டவர்களாகப் பார்க்கப் பழக்குகிறது திரைக்கதை, நாமும் பழகிக்கொள்கிறோம். வலிமை உள்ளவர் செய்த சேதத்துக்கு யார் பொறுப்பு? அந்தப் படத்தில் இதைக் கேட்டவர்கள் அவர்கள்தான். நியாயமான கேள்வி அது.

வில்லன் சின்ட்ரோம் கொலைகாரன். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவன் பிறவிச் சக்தி எதுவும் இல்லாதவன். எல்லாமே சொந்த மூளையால் செய்த கருவிகள். அவற்றை விற்று எல்லாரையும் வல்லவர் ஆக்கிவிடுவேன், பிறகு தனி வல்லவர் என்று எவரும் இருக்கமாட்டார் என்கிறான். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறான்தான். ஆனால் அந்தச் சமத்துவத்தைக் கேட்டு நாம் ஏன் நடுங்க வேண்டும்? பார்வை மங்கியவருக்குக் கண்ணாடியும் சிறகில்லாத மனிதனுக்கு விமானமும் கொடுத்தது பிறப்பல்ல, அறிவு. பிறப்பால் வந்த உயர்வை எதிர்த்து ஒரு நூற்றாண்டாகப் பேசிவரும் நம் மண்ணில், இந்த இடத்தைக் கேள்வியின்றிக் கடந்துபோகக் கூடாது.

பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள். மறைக்க வேண்டியது இதில் ஏதுமில்லை. வண்டி வெடிக்கும்போது, “அந்த ஆள் செத்துட்டானா?” என்று பிள்ளை கேட்டால், சும்மா படம்தானே என்று வாயை அடைக்காதீர்கள். “ஆமாம், செத்துவிட்டான்” என்று சொல்லுங்கள். பிள்ளை கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.