கட்டணமில்லாக் காட்சியும் பார்ப்பவர் கடனும்

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் கடற்கரையில், பிளாக்பூல் என்றோர் ஊர் உண்டு. வருஷந்தோறும் கோடை முடிந்து குளிர்காற்று வீசத் தொடங்கும் நாட்களில், அவ்வூரார் தங்கள் கடற்கரைச் சாலை நெடுகிலும் ஏறக்குறைய 6 மைல் தூரத்திற்கு விளக்கலங்காரம் செய்கிறார்கள். விளக்குகள் மட்டும் 10 லட்சத்திற்கு மேல். முன்பு நவம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். 2020 முதல் புத்தாண்டு வரை நீட்டியிருக்கிறார்கள். இதைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சாலையின் கடைசியில் சிலர் உண்டியல் ஏந்தி நிற்பார்கள். மனமுள்ளவர் போடலாம், போடாதவரை யாரும் தடுப்பதில்லை.

பிரியமான வாசகர்களே, இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ஒன்றும் போடாமல் போகிறவர் அநியாயம் செய்தவராவாரா?

அற்பமான கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். ஊர்க்கிணறு, சாலையோர நிழல்மரம், பொது வாசகசாலை என்று நாமும் எத்தனையோ காரியங்களை விலை கொடாமல் அனுபவிக்கிறோம்.

முதலில் அந்த விளக்குகள் வந்த கதையைப் பார்ப்போம். 1879-ம் வருஷம், எடிசன் தம் மின்சாரக் குமிழுக்கு உரிமைப்பத்திரம் பெறுவதற்கு முன்பே, பிளாக்பூலார் கடற்கரையில் 8 ஆர்க் விளக்குகளை எரியவிட்டார்கள். இரண்டு கரித்துண்டுகளுக்கிடையே மின்சாரம் தாவி எரியும் விளக்கு அது. வாயு விளக்கின் மங்கலிலேயே பழகிய ஜனங்கள் அந்தச் செயற்கைச் சூரியனைப் பார்க்கத் திரள் திரளாய் வந்தார்கள். 1912-ல் லூயிஸ் இளவரசி கடற்கரைச் சாலையின் ஒரு புதிய பகுதியைத் திறக்க வந்தபோது சுமார் 10,000 குமிழ்களால் அலங்காரம் செய்தார்கள். அது எல்லாருக்கும் பிடித்துப்போகவே, பின்னர் வழக்கமாயிற்று. (விளக்கேற்றி வைக்கும் மரியாதை பிரபுக்களுக்கும் நடிகர்களுக்கும் மட்டுமல்ல, 1977-ல் ரெட் ரம் என்ற பந்தயக் குதிரைக்கும் கிடைத்தது!)

வழக்கமானதற்குக் காரணமும் உண்டு. பஞ்சாலை ஊர்கள் ஒவ்வொன்றும் கோடையில் தனக்கென ஒரு வாரம் ஆலையை மூடும். தொழிலாளர்கள் வருஷமெல்லாம் சேர்த்த காசோடு குடும்பம் குடும்பமாய்ப் பிளாக்பூலுக்கு வருவார்கள். செப்டம்பர் பிறந்தால் அந்தக் கூட்டம் ஓய்ந்துபோகும். தங்கும் விடுதிகள் வெறிச்சோடும். விளக்குகள் எரிந்தால் இன்னும் சில வாரம் பிழைப்பு நடக்கும்.

“அப்படியானால் ஊரார் வியாபாரத்துக்காகத்தானே செய்கிறார்கள்? நாம் ஏன் கடன்பட வேண்டும்?” என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்விதான். ஓர் இரவு தங்கி, விடுதிக்காரிக்கு வாடகையும் கடைக்காரருக்குச் சாப்பாட்டுக் காசும் கொடுத்தவர், உண்டியலில் ஒன்றும் போடாவிட்டாலும் தம் பங்கைச் செலுத்தியவரே. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கடற்காற்றில் நின்று தின்பவரும் அவ்விதமே. கப்பலைப்போல ஒப்பனை செய்த டிராம் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக் காட்டுகிறவரைப் பற்றியும் கேள்வியில்லை. எனக்கு இடறுவது இன்னொருவர் விஷயம். அவர் வசதியுள்ளவர். வீட்டிலிருந்தே பலகாரம் கட்டிக்கொண்டு வந்து, ஆறு மைலும் காரை ஆமைபோல் ஊர விட்டு, பிள்ளைகள் கைதட்டி மகிழ்வதைக் கண்டு தாமும் மகிழ்ந்து, உண்டியல் தெரிந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

அவர் திருடவில்லை. அவர் பார்த்ததால் அடுத்தவருக்கு ஒளி குறைந்துபோகவுமில்லை. ஆனால் அந்த ஒளிக்கு ஒருவன் கம்பி இழுத்திருக்கிறான், ஏணியில் ஏறியிருக்கிறான், யாரோ வரி கட்டியிருக்கிறார்கள். அவ்வூர் செல்வம் கொழிக்கும் ஊருமன்று. 2019-ல் அரசாங்கம் வெளியிட்ட வறுமைக் கணக்கில் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய இடங்களின் முன்வரிசையில் நின்றது பிளாக்பூல். எளியவன் வீட்டு விருந்தை வசதியுள்ளவன் உண்டுவிட்டு, இலை போட்டவர் யாரென்றும் கேளாமல் எழுந்து போவது போன்றதல்லவா இது? சட்டத்தில் இதற்குக் குற்றம் இல்லை. மனச்சாட்சியில் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

விளக்கு தானாக எரிகிறது என்ற நினைப்பே இதற்கு வேர். 1939-ல் யுத்தம் மூண்டதும் அந்தக் கடற்கரை இருண்டது. யுத்தம் 1945-ல் முடிந்தும், மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் இருந்த கட்டுப்பாட்டினால் 1949 வரை அலங்காரம் இல்லை. பத்து வருஷம்! யுத்தம் மூண்ட சமயத்தில் பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்த பிறகே அக்காட்சியைக் கண்டிருக்கும்.

“அத்தனை சங்கடம் எதற்கு? வாயில் வைத்துக் கட்டணம் வாங்கிவிட்டால் போகிறது” என்பார் சிலர். நான் ஒப்பமாட்டேன். வாயில் வைத்த அன்றே நாலு பிள்ளைகளோடு வரும் கூலிக்காரர் வெளியே நிற்பார். அந்தச் சாலையில் முதலாளியின் பிள்ளையும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள்; அந்தச் சமத்துவம் உண்டியலில் விழும் காசைவிடப் பெரிது. ஆகவே கொடுக்க வல்லவர் போடும் நாணயம், கொடுக்க இயலாதவருக்குச் சாலையைத் திறந்து வைத்திருக்கும் நாணயமாகிறது. எவ்வளவு போடவேண்டும் என்பதை அவரவரே அறிவார்.

அந்த நாலு பிள்ளைகளின் தகப்பன் ஒன்றும் போடாமல் போனால்? உண்டியல் ஏந்தியவர் அவருக்கும் சிரித்த முகத்தோடு வழி விடவேண்டும். முன்னே போன பெரிய காரின் கண்ணாடி இறங்கவில்லை என்பதற்காகப் பின்னே நடந்து வருகிறவரை முறைத்துப் பார்ப்பது நியாயமாகாது.